பதினான்காம் நாள்

வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிட்டாயாம்
என்றார் சார்ஜன்.
மூடுபனி இறங்கியிருந்தது.
வெள்ளைக்குள் எந்த வெள்ளை என்று
நான் கேட்கவில்லை.
முன்னால் ஒரு மரக்கறி லொறி
லீக்ஸ் வாசத்தோடு ஊர்ந்துகொண்டிருந்தது,
பின் சீட்டில் கல்யாணப் படம் பிடிக்கிறவர்
நேரமாச்சு நேரமாச்சு என்றார்,
அவ்வளவுதான்.

வெலிமடைக்கு இப்பால், மூன்றாம் வளைவில்,
என் லைசன்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு
ஒரு தாளைக் கிழித்துத் தந்தார்.
கார்பன் பிரதி. நீலம். முழுக்கச் சிங்களம்.
பெயர் எழுதுகிற இடத்தில்
தவச்செல்வத்தில் பாதிதான் இருக்கிறது என்று
பிறகு ஒருத்தர் வாசித்துச் சொன்னார்.
அப்போ அபராதமும் பாதிதானே என்றேன்.
அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

பதினான்கு நாளுக்குள் இரண்டாயிரம்.
தாண்டினால் இரட்டிப்பு.
அதையும் தாண்டினால் கோர்ட்டு,
ஒரு நாள் ஓட்டம், ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பொய்.

முதல் வாரம் லீசிங்காரனுக்குப் போனது.
இரண்டாம் வாரம் பின் டயருக்கு.
மீட்டருக்குப் பின்னால் செருகியிருந்த தாளை
ஒரு மழை தேடி வந்து
ஸ்டேஷன் பெயரை மட்டும் நக்கிவிட்டுப் போனது.

பதின்மூன்றாம் நாள், அப்புத்தளைத் தபாற்கந்தோர்.
கண்ணாடிக்குப் பின்னால் நிலூகா மிஸ்
தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தாள்,
எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி.
எங்கே பிடிச்சது?
வளைவைச் சொன்னேன். லீக்ஸ் லொறியைச் சொன்னேன்.
பனியையும் சொன்னேன்.
பனிக்கு நம்பர் இல்லை என்றாள்
அவளுடைய தமிழில், கோபமில்லாமல்.
யாருக்கோ போன் எடுத்தாள். காத்திருந்தாள்.
எனக்குப் பின்னால் வரிசை இருமியது.
பிறகு எதையோ எழுதி
டொக் என்று முத்திரை குத்தினாள்.
அந்தச் சத்தத்துக்கே இரண்டாயிரம் கொடுக்கலாம்.

மறுநாள் பஸ்ஸில் போனேன்,
பெட்ரோல் விற்கிற விலைக்கு அதுதான் கட்டும்.
வண்டி எங்கே என்று சிரித்தான் கண்டக்டர்.

பொலிஸில் ஒரு பிஸ்கட் டின்.
ரசீதைப் பார்த்த இளம் கான்ஸ்டபிள்
டின்னை மேசையில் கவிழ்த்துவிட்டு
தேடிக்கொள் என்றார்.
ரேடியோவில் கிரிக்கெட், கடைசி ஓவர்.

ரப்பர் பட்டியை உருவி
முகம் முகமாய்ப் புரட்டினேன்.
மீசை. மீசை. முக்காடு போட்ட ஒரு டீச்சர்.
கண்ணை மூடும்போது படமாகிவிட்ட ஒருவன்.
கோர்ட்டுக்கு அனுப்பாமல் தங்கிப்போன பழைய கட்டில்
சிவனு மச்சான்.

கண் மங்கிப்போச்சு,
ஓட்டக்கூடாதாம் டாக்டர் சொல்கிறார் என்று
லயத்துக்கே சொன்னவர்.
பால் லொறியை விட்டு இறங்கி
மூன்று வருடமாய்ப் புல் வெட்டுகிறவர்.
ராத்திரியில் அக்கா அந்தக் கண்ணுக்குத்தான்
சொட்டு மருந்து விடுகிறாள்.

படத்தோடு மடித்த ஒரு தாள். அதே நீலம்.
அதே வளைவாகவும் இருக்கலாம்.
தொகையைப் பார்த்தேன்,
எண்ணுக்குச் சிங்களம் தமிழ் கிடையாது.
என் பையில் பஸ் காசு போக
நூற்றி நாற்பது இருந்தது.

தெரிஞ்ச ஆளா? என்றார் கான்ஸ்டபிள்,
கண்ணை ரேடியோவில் வைத்தபடி.
இல்லை என்றேன்.
மச்சானைக் குப்புறப் படுக்க வைத்து
டீச்சருக்குக் கீழே செருகினேன்.
என்னை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்,
முழுப் பெயர்.

இருட்டுக்கு முன் வந்துவிட்டேன்.
வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்,
கிடைச்சதா?
கிடைச்சது மச்சான்.
ஒரு டின்னுக்குள் கிடந்தது, தேடி எடுத்தேன்.

கத்தி கல்லில் நின்றது.

பச்சை டின்னா? என்றார்.

அதற்குள் அக்கா மருந்துக் குப்பியோடு வந்தாள்.
அவர் பாயில் அண்ணாந்து படுத்து
இரண்டு கண்ணையும் அகலத் திறந்தார்.